கோட்டுக்கு அங்கிட்டு

இல்ல சார், தப்பா நெனச்சுக்கிராதீக. பக்கத்து சீட்டுக்காரரு பேப்பர எட்டிப் பாக்குறது மரியாத இல்லதான். ஆனா நான் சமயநல்லூர்ல ஏறி ஒக்காந்ததுலருந்து பாக்குறேன், செவப்புப் பேனாவ வச்சுக்கிட்டு ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையா வெட்டுறீக, நடுவுல கோடு போடுறீக, பக்கத்துல மார்க்கு போடுறீக. ப்ளஸ் டூ பேப்பரா? அப்படியா. சிலபிள்ங்கிறீகளே, அது என்னது சார்?

ம்... வாய் ஒரு தடவ தெறந்து மூடுனா ஒண்ணு. தட்டுன்னு வச்சுக்கிறேன் நான், வெரலத் தட்டுனா வெளங்குது. ம-து-ரை. மூணு தட்டு. ஆ-ரப்-பா-ளை-யம். அஞ்சா? பாருங்க, வருது. ஒம்பதாப்பு வரைக்கும் படிச்சேன், ஒரு வாத்தியாரும் இப்படித் தட்டிக் காட்டுனதில்ல.

சார், ஒரு ஒதவி. எங்கிட்ட ஒரு சீட்டு இருக்கு. ஜெராக்ஸ்தான். இதுல ஒரே ஒரு வார்த்தை. அத மட்டும் ஆரப்பாளையம் போறதுக்குள்ள எனக்குச் சொல்லிக் குடுத்துருங்க. பரவைக்கிட்ட ரோட்டத் தோண்டிப் போட்டுருக்கான், எப்படியும் அரை மணி நேரம் ஆகும். இந்தா, இங்க. டாக்டர் எழுத்துன்னாலும் இது நல்லாத்தான் இருக்கு. எம் வெரலுக்கு மேல பாருங்க.

ஒன்ஸ்... என்னது, வன்ஸா? ஓ-ல ஆரம்பிச்சிருக்கு, வ எங்கிட்டிருந்து வருது? சரி, அவுக வச்சதுதான் சட்டம். வன்ஸ். சின்னதுல இத ஆன்சின்னு படிச்சு அடி வாங்கிருக்கேன் சார். இதுக்கு எத்தன தட்டு? ஒண்ணுதானா? நாலு எழுத்து இருக்கு, ஒரே தட்டா! பெறகு வீக்-லி, அது ரெண்டு. ஆக மொத்தம் மூணு. வன்ஸ், வீக், லி. நடுவுல இருக்குறது என்ன சார், இந்தச் சின்னக் கோடு? ஹைபனா. அதுக்கு வாயத் தெறக்க வேணாமா? சத்தமே கெடையாதா? அப்ப எதுக்கு அத அங்க போட்டு வச்சிருக்கு?

...ஓ.

இன்னொரு தடவ சொல்லுங்க சார். இல்ல, காது கேக்குது, சும்மா இன்னொரு தடவ. ரெண்டு வார்த்தைய ஒரே வார்த்தையா கட்டிப் போடுது. கோடு வந்துச்சுன்னா இன்னும் முடியல, அங்கிட்டு ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். ம். ம்.

நானா? மெடிக்கல் ஷாப்ல இருந்தேன். பேரு ஜெயபாண்டி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல இருபத்தாறு வருசம். ஒங்க பேரு? ஆசீர்வாதம் சாரா. நல்லாருங்க. மிஷன் ஸ்கூலுன்னு ஒங்கள பாத்தவொடனே நெனச்சேன், பேனா மூடிய மூடி மூடி வைக்கிறீகளே. கடையில நான் நிக்கிறப்ப நீங்க வந்திருந்தா, இந்த ஜெயபாண்டிக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லிருக்கவே மாட்டீக. ஒரு மொழம் நீளத்துக்கு இருக்கும் பாருங்க மாத்திரை பேரு, கடகடன்னு சொல்லுவேன். ஒரு சூட்சுமம்தான் சார். முழுசும் படிக்கவே வேணாம், வாலப் பாத்தா போதும். ப்ரில்னு முடிஞ்சா பிரஷர். ப்ரசோல்னு முடிஞ்சா வயித்தெரிச்சல். சிலின்னு முடிஞ்சா புண்ணு, சீழு, தொண்டைக் கட்டு. ஸ்டாட்டின்னா கொழுப்பு. யாரும் சொல்லிக் குடுக்கல, நானா பாத்துப் பாத்துக் கண்டுபிடிச்சது. கம்பெனி ரெப்பு ஒருத்தரு கேட்டுட்டு, அண்ணே நீங்க எந்தக் காலேஜுன்னாரு. கடையே சிரிச்சுச்சு. எனக்கு ரெண்டு நாளைக்குத் தரையில கால் படல.

கண்ணாடியும் இந்தா, கயித்துல கோத்து கழுத்துல. காலையில மாட்டுனா ராத்திரி படுக்கப் போறப்பதான் கழட்டுவேன். கடையில எழுத்து விசயத்துல நான் அவ்ளோ உசாரு.

சரி, நம்ம வார்த்தைக்கு வருவோம். அழுத்தம்னு போடுறீகளே சார், அது இதுல எங்க வரும்? தனியா நின்னா வீக்குல. வன்ஸ்-வீக்லி. சரி. பின்னால மாத்திரை, டோசுன்னு எதாச்சும் வந்தா? அப்ப வன்ஸுக்கு ஏறுமா? இது என்ன சார் கூத்து, பின்னால யாரு வாராகங்குறத பொறுத்து அழுத்தம் எடம் மாறுது! சரி, எனக்குத் தனியா நிக்கிறதே போதும். வன்ஸ்-வீக்லி. வன்ஸ்-வீக்லி. எப்படி? வீ-ய இன்னுங்கொஞ்சம் இழுக்கணுமா. வன்ஸ்-வீஈக்லி. சரியா? தடுமாறாம வரணும் சார். ரொம்ப நாளா பழகுன வார்த்தை மாதிரி வரணும்.

எதுக்கா. சொல்றேன். இன்னைக்குப் பதினோரு மணிக்கு மருந்து ஆபீசுல ஒரு விசாரண. இந்தச் சீட்ட நீட்டி, இத வாசிங்கம்பாக. நான் வாசிக்கணும்.

எம் பொண்டாட்டி சார். தங்கப்பொண்ணு. கப்பலூர்ல துணிக் கம்பெனியில சட்டைக்குக் கை வைக்கிற வேலை பாத்தா, பதிமூணு வருசம். நாலு மணிக்கு எந்திரிச்சு ஆக்கி வச்சுட்டு கம்பெனி வேன்ல போயிருவா. போன வருசம் சித்திரையில வெரலெல்லாம் வீங்க ஆரம்பிச்சுச்சு. காலையில மடக்க முடியாது. தோசைக் கரண்டிய ரெண்டு கையாலயும் புடிச்சுத் திருப்புவா. நான் வலி மாத்திரை குடுத்துக்கிட்டே இருந்தேன். மெடிக்கல் ஷாப்காரன் பொண்டாட்டி டாக்டர்ட்டப் போறது எனக்கு ஒரு மாதிரி கவுரவக் கொறச்சல், பாத்துக்கங்க. அப்படிப்பட்ட ஆளு நான்.

ஒரே மக. பவதாரிணி. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா. ஆவணியில நாலு நாள் லீவுல வந்தவ அம்மா கையப் பாத்துட்டு என்னையப் புடிச்சு வஞ்சா. லீவு முடிஞ்சு கெளம்புற அன்னைக்கு மதுரையில மூட்டு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயிட்டா. அங்க எழுதுனதுதான் இந்தச் சீட்டு. மூட்டுவாத மாத்திரை, எங்க கடைக்கெல்லாம் அது வராது, மொத்தக் கடையில சொல்லி வாங்குனேன். அது ஒரு மாதிரி மருந்து சார். ரொம்ப நல்ல மருந்தாம், ஆனா வாரத்துக்கு ஒண்ணுதான். ஒண்ணுக்கு மேல தாங்காது.

நான் தினம் ஒண்ணு குடுத்தேன்.

ஆமா. தினமும். சாப்பாட்டுக்குப் பெறகு, எங் கையால உரிச்சு, தண்ணி மோந்து குடுத்தேன். இருவத்தஞ்சு வருசத்துல நான் அவளுக்குத் தண்ணி மோந்து குடுத்ததே அந்தப் பன்னெண்டு நாளுதான்.

இருங்க சார், பேப்பர எடுத்து உள்ள வைக்க வேணாம், திருத்துங்க. நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வாரேன்.

நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, மாத்திரைய வாங்கி கையில வச்சுக்கிட்டே கேட்டா. ஏங்க, அங்க இருந்த நர்சுப் புள்ள வாரம்னு என்னமோ சொன்னுச்சே. வெரசா சொன்னுச்சு, எனக்குச் சரியா வெளங்கல, ஒரு வாட்டி சீட்டப் பாருங்களேன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாரம் முழுக்க விடாமத் திங்கணும்னு சொல்லிருக்கும், எனக்கே சொல்லித் தாரியான்னேன். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். அவளும் சிரிச்சுட்டு வாயில போட்டுக்கிட்டா. அவளுக்கு என்ன, எம் புருசனுக்குத் தெரியாத மாத்திரையான்னு இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரி ரெங்கம்மாக்குக் காய்ச்சல்னாலும் எங்கிட்டத்தான் கேட்டுவிடுவா.

ஒரு வாரத்துல வாய்ப்புண்ணு வந்துச்சு. சூடுன்னு நெனச்சு பி காம்ப்ளக்ஸ் குடுத்தேன். கொழம்பு எரியுதுன்னு மோர்ச்சோறு மட்டும் தின்னா. பெறகு அதுவும் எறங்கல. ரொம்ப வீக்கா இருக்குங்கன்னா. டானிக் வாங்கியாந்தேன். வீக்குன்னா நமக்கு அதுதான சார், சத்து இல்லாதது. வாரத்துக்கும் வீக்குதாங்குறது எனக்கென்ன தெரியாமயா? காலண்டர்ல பாத்ததில்லையா? தெரியும். ஆனா அந்த நேரத்துல மண்டையில இருக்கணும்ல.

காய்ச்சல் வந்துச்சு. பல்லு வெளக்குனா ரெத்தம். கையில அங்கங்க கன்னிப்போன மாதிரி நீலம். அப்பத்தான் பயம் வந்து பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். அங்க ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, நல்லாப் பாத்துச்சு. என்ன மாத்திரை சாப்புடுறாகன்னு கேட்டுச்சு. அட்டைய எடுத்துக் குடுத்தேன். பாத்துட்டு எண்ணுச்சு. பெறகு எத்தன நாளா சாப்புடுறாகன்னுச்சு. பன்னெண்டு நாளாம்மான்னேன். அந்தப் புள்ள என்னைய ஒண்ணும் சொல்லல சார். அட்டைய மேசையில வச்சுச்சு. அப்பறம் ஓட ஆரம்பிச்சுச்சு, ஊசி, ரெத்தம், அது இதுன்னு. எதுக்கும் ஒடம்பு கேக்கல. அதுக்குள்ள ரெத்தம் ஊறுறதே நின்னு போச்சாம். ஆறு நாள் இருந்தா. கடைசி ரெண்டு நாளு பேச முடியல, வாயெல்லாம் வெந்து போச்சு. வெரலு மட்டும் வீக்கம் வத்தி, பழையபடி அழகா ஆயிருச்சு சார். அதப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

தண்ணியா? இல்ல, எங்கிட்ட இருக்கு. குடிச்சுட்டேன்.

பவதாரிணி ரெண்டாவது நாளே வந்துட்டா. வீட்டுக்குப் போயி பீரோ மேலருந்து ஃபைல எடுத்தாந்தா. வார்டு வாசல்ல நின்னு தொறந்தா. இந்தச் சீட்டுதான். படிச்சா. எம் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. அப்பா, இதுல என்ன போட்டுருக்குன்னா. நான் சீட்டையே பாத்தேன். இங்கிலீஷ் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிருக்கணும்ல, எனக்கு ஒரு போன் போட்டுருந்தா நான் சொல்லிருப்பேன்லன்னா. வார்டே பாக்குது. ஒங்க பெருமைக்கு எங்கம்மாவக் கொன்னுட்டீகளேன்னா. அதான் அவ எங்கிட்டக் கடைசியா பேசுனது.

காரியத்துக்கு இருந்தா. சொந்தக்காரவுகளுக்கெல்லாம் எல பாத்துப் போட்டா. எனக்கு மட்டும் போடல. பதினாறு முடிஞ்ச அன்னைக்கே என் நம்பர அழிச்சுட்டா, பேசுனது, அனுப்புனது, எல்லாத்தையும் எங்க அண்ணன் மக முன்னாடியே அழிச்சாளாம். அடுத்த மாசம் புகார் எழுதிப் போட்டா, இந்த ஜெராக்ஸும் அதோட வந்ததுதான். கடை மேல ஒண்ணு, எம் மேல ஒண்ணு. படிக்காத ஆளுக மருந்து குடுக்குறத நிப்பாட்டணும்னு எழுதிருக்கா. சரியாத்தான எழுதிருக்கா? நானும் வேலைய விட்டு நின்னுட்டேன். முதலாளி நிக்கச் சொல்லல. நானே நின்னுட்டேன். ஒருத்தர் வந்து, ஜெயபாண்டியண்ணே, இத எப்பச் சாப்புடணும்னு கேட்டாரு. அட்டைய அவரு கையில வச்சேன் சார். சாதாரண காய்ச்சல் மாத்திரை. அப்படியே வெளிய வந்து பஸ் ஏறிட்டேன்.

பரவை தாண்டிருச்சுல்ல? இப்ப வெரசா போயிரும்.

இன்னைக்கு ஆபீசுல என்ன சொல்லப் போறேன்னா கேக்குறீக? உள்ளதத்தான். சீட்டு எங் கைக்கு வந்துச்சு. வன்ஸ் வரைக்கும் படிச்சேன். ஒரு தடவங்குறது தெரிஞ்சுச்சு, ஒரு நாளைக்கு ஒரு தடவன்னு நானா முடிவு பண்ணிட்டேன். கோட்டுக்கு அங்கிட்டுப் பாக்கல. கவனக்கொறவு. எழுதிக்கங்க, கையெழுத்துப் போடுறேன். அம்புட்டுத்தான்.

என்ன சார் அப்படிப் பாக்குறீக?

ஆமா, பக்கத்துலயே பெருசாத்தான் இருக்கு. ஒரே வரியிலதான் இருக்கு. ஆனா... கண்ணாடி போடல அன்னைக்கு.

ம். ஆமா. கழட்ட மாட்டேன்னு நாந்தான் சொன்னேன்.

அது வந்து... கடையில கூட்டம் சார், அதான் சரியா... இல்ல, வால் பாக்குற ஆளுதான் நான். முன்னாடிய விட்டாலும் வால விட மாட்டேன், வாஸ்தவம்தான். நீங்க வாத்தியாரு, பரிச்சைப் பேப்பருல பிட்டு அடிச்சவனக் கண்டுபுடிக்கிற மாதிரி கண்டுபுடிக்கிறீக. ஒங்களுக்கே பத்து நிமிசத்துல வெளங்கிருச்சுன்னா அந்த ஆபீசருக்கு எம்புட்டு நேரம் ஆகும்? அவரு ஏற்கெனவே போன்ல ஒரு கேள்வி கேட்டாரு. மாத்திரை எடுக்குறப்ப நீங்க பாத்தது சீட்டா, வேற எதுவுமான்னு. சீட்டுத்தான் சார்னு சொல்லிட்டேன். எங்க முதலாளி வேற மாதிரி சொல்லிருக்காரு போல.

சார், ஒங்களுக்குப் புள்ளைக எத்தன? ரெண்டும் பொம்பளப்புள்ளையா. சரி. அப்ப ஒங்ககிட்டச் சொல்லலாம். எனக்கும் யாருட்டயாச்சும் ஒரு தடவ சொல்லணும்.

மாத்திரை குடுத்த அந்தப் பன்னெண்டு நாளும் சீட்ட நான் பாக்கவே இல்ல சார். பீரோ மேல இருந்த ஃபைல நான் தொட்டது கூட கெடையாது. எனக்கு வந்தது போன்ல ஒரு போட்டோ. அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டரைக்கு. அப்பா, இந்த மாத்திரைய வாங்கிருங்க, எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு, அம்மாவ ஆட்டோவுல ஏத்திவிட்டுட்டு அப்படியே கெளம்புறேன்னு போட்டுருந்துச்சு. படத்துல வலது பக்கம் ஓரம் வெட்டுப்பட்டுருந்துச்சு. மாத்திரை பேரு இருக்கு. அடுத்து வன்ஸ். அடுத்து அந்தக் கோடு. அதோட படம் முடிஞ்சு போச்சு. கோட்ட நான் பாத்தேன் சார். டாக்டரு பேனாவ இழுத்து விட்டுருக்காருன்னு நெனச்சேன். கோடு இருந்தா இன்னும் பாக்கி இருக்குன்னு அர்த்தம்னு இப்ப நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆமா. எடுத்தது அவதான். எம் மக பவதாரிணி.

அவளுக்குத் தெரியாது. அவசரத்துல ஒரு கையில பைய வச்சுக்கிட்டு எடுத்திருப்பா, திரும்பிக் கூடப் பாத்திருக்க மாட்டா. ஃபைலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துருச்சுல்ல, நான் அதப் பாத்துத்தான் குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அவ போன்லயும் இப்ப அது கெடையாது. முதலாளிக்குத் தெரியும், அன்னைக்கு கடையில அவருக்கும் ஒரு தடவ காட்டுனேன், மொத்தக் கடையில சொல்லச் சொல்லி. ஒரு மாசமா தொளைக்கிறாரு. யோவ் ஜெயபாண்டி, அந்தப் போட்டோவ ஆபீசுல காட்டுய்யா, தப்பு ஒம் மேலயும் இல்ல, கடை மேலயும் இல்லன்னு ஆயிரும்ங்குறாரு. அவரு சொல்றதும் ஞாயந்தான். அவருக்கு லைசென்சு போயிரக்கூடாதுல்ல. அதுக்குத்தான் எல்லாம் எம் மேலயே போட்டு எழுதிக் குடுக்குறேன், கடைக்குத் தெரியாம நானா வீட்டுக்கு வாங்குனதுன்னு. மொத்தக் கடை பில்லு எம் பேருலதான் இருக்கு.

பொய்தான் சார். பாதிப் பொய். போட்டோ பாதி வெட்டுச்சு, மிச்சத்த நான் வெட்டுனேன். தங்கப்பொண்ணு சீட்டப் பாருங்கன்னு வாய் விட்டுக் கேட்டாள்ல? எந்திரிச்சு நாலு எட்டு வச்சா பீரோ. நான் எந்திரிக்கல. அப்ப அது யாரு மேல?

பவதாரிணி எம் மேல கோவமா இருக்கா. அந்தக் கோவத்துல வேலைக்குப் போறா, வாரா, திங்கிறா, புகார் எழுதுறா. எங்க அண்ணன் மக சொல்லும், அக்கா நல்லாத்தான் சித்தப்பா இருக்குன்னு. அந்தப் படத்தக் காட்டுனா என்ன ஆகும்? எனக்குத் தெரியும் சார், என்ன ஆகும்னு. பதினோரு மாசமா நான் அதுலதான கெடக்குறேன். சோத்துல கைய வச்சா அந்தக் கோடு தெரியும். ஒறக்கத்துல எந்திரிச்சு பீரோவத் தொறப்பேன். அவளுக்கு இருவத்தினாலு வயசு. இன்னும் எம்புட்டு வருசம் கெடக்கு.

அதான் சார், எனக்கு இந்த வார்த்தை நல்லா வரணும். நான் எழுத்துக் கூட்டிப் படிச்சா, இவன் இந்தச் சீட்ட இன்னைக்குத்தான் பாக்குறான்னு அந்த ஆபீசருக்குத் தெரிஞ்சு போகும். அப்ப எதப் பாத்துக் குடுத்தேன்னு நோண்டுவாரு. நல்லாத் தெரிஞ்ச வார்த்தை, தெரிஞ்சும் கண்ணு விட்டுப்போச்சுன்னு இருக்கணும்.

போட்டோ இல்ல சார் இப்ப. காலையில ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நிக்கிறப்ப அழிச்சுட்டேன். அழிக்கவான்னு கேட்டுச்சு, ஆமான்னேன். மறுபடி ஒரு எடத்துல ஒளிச்சு வச்சிருக்குமாம்ல, அங்கயும் போயி அழிச்சேன். அங்கயும் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி, பின்னாடி, தங்கப்பொண்ணு போட்டோ ஒண்ணு ரெண்டு இருந்துச்சு, வெரல் தப்பிப் பட்டு அதுல ஒண்ணு சேந்து போயிருச்சு. போகட்டும்.

கேஸாகுமா? ஆகலாம். வக்கீல்ட்டக் கேக்கல. கேட்டா அவரு காப்பாத்தத்தான் பாப்பாரு.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். சரின்னும் சொல்ல வேணாம், தப்புன்னும் சொல்ல வேணாம். பேப்பரத் திருத்துங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு மார்க்கு கொறச்சீகளே, கோடு விட்டுப்போச்சுன்னு, அது சரிதான், கொறைங்க. இப்பக் கொறச்சாத்தான் தெரியும்.

குரு தேட்டர் ஸ்டாப்பு வந்துருச்சு. அடுத்தது நம்மதுதான். இந்தப் பைய கொஞ்சம் புடிங்க, சட்டைய இழுத்து விட்டுக்கிறேன். புதுச் சட்டைதான். நல்லாருக்கா? அவளும் வாரா சார். புகார் குடுத்தவுகளும் இருக்கணுமாம். மெட்ராஸ்லருந்து காலையிலயே வந்திருப்பா. அந்த ஆபீசர் நல்ல மனுசன், நேத்துப் போன் போட்டு, ஜெயபாண்டி, ரெண்டு பேரையும் ஒரே ரூமுலதான் ஒக்கார வைப்போம், ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா தனியா வேற நாளு போட்டுத் தாரேன்னாரு.

வேணாம் சார், அதே ரூமுல போடுங்கன்னுட்டேன். வாரேன் சார்.